அல்ஜீரிய ராப்: இந்தப் பாட்டு யாரிடம் பேசுகிறது?

அல்ஜீரிய ராப்பை முதன்முறை கேட்பவரை மிரட்டுவது மொழி. ஒரு வரி அரபியில் தொடங்கிப் பிரெஞ்சில் முடியும். அடுத்த வரியில் அங்குள்ள பெர்பர் மொழிகளில் ஒன்றான கபைலின் சொல் ஒன்று எட்டிப் பார்க்கும். மொழிபெயர்ப்பைத் தேடிப் போனால் பாதி வரிகளுக்குத்தான் கிடைக்கும். கிடைத்ததையும் முழுக்க நம்ப முடியாது. அதனால் புதியவர்களுக்கு நான் சொல்லும் வழி ஒன்றுதான். ஒவ்வொரு பாட்டிலும் 'நீ' என்று அழைக்கப்படுவது யார் என்று பாருங்கள். சிலவற்றில் அது அரசு. சிலவற்றில் கடலுக்கு அக்கரையில் இருக்கும் உறவுகள். மிகப் பிரபலமான ஒரு பாட்டில் அது ஒரு கப்பல். அந்த 'நீ' மாறிக்கொண்டே வந்த கதைதான் ஏறக்குறைய இந்த இசையின் வரலாறும்.

அடிப்படையிலிருந்து ஆரம்பிக்கலாம். ஹிப்ஹாப் என்பது 1970களில் நியூயார்க்கின் பிராங்ஸ் பகுதியில் கறுப்பின, கரீபிய, லத்தீன் இளைஞர்கள் உருவாக்கிய கலாசாரம். டிஜே இசைத்தட்டுகளைச் சுழற்றித் தாளத்தை உருவாக்குவது, அதன்மேல் எதுகையோடு வேகமாகப் பேசுவது, பிரேக் டான்ஸ், சுவரில் எழுதும் கிராஃபிட்டி என்று நான்கு கூறுகளைச் சொல்வார்கள். இரண்டாவதாகச் சொன்ன அந்தப் பேச்சுதான் ராப். பிரான்ஸுக்கு இது 1980களின் தொடக்கத்திலேயே வந்துவிட்டது. 1984ல் அங்கே ஒரு பெரிய தொலைக்காட்சி ஹிப்ஹாப்புக்கென்றே வாராந்திர நிகழ்ச்சி நடத்தியது. பிரான்ஸில் வேலை பார்த்த அல்ஜீரியர்கள் ஏராளம். அவர்கள் ஊருக்கு வரும்போது கேசட்டுகளும் கூடவே வந்தன. கொஞ்ச நாளில் மொட்டைமாடிகளில் டிஷ் ஆன்டெனாக்கள் முளைத்தன, பிரெஞ்சு சேனல்கள் நேராக வீட்டுக்குள் வந்தன. டர்ன்டேபிள், மிக்ஸர் போன்ற சாமான்கள் சுலபமாகக் கிடைக்காத நாட்டில் டிஜே கலை பெரிதாக வளரவில்லை. பேச்சுக்குச் செலவில்லை, அது வளர்ந்தது.

ஏன் அந்த நேரத்தில் வளர்ந்தது என்பதற்கு எண்ணெயைப் பற்றிக் கொஞ்சம் பேசியாக வேண்டும். 132 ஆண்டு பிரெஞ்சு ஆட்சிக்குப் பிறகு, எட்டு ஆண்டுக் கொடிய போரின் முடிவில், 1962ல் அல்ஜீரியா விடுதலை பெற்றது. விடுதலைப் போரை நடத்திய எஃப்எல்என் கட்சியே நாட்டின் ஒரே கட்சியாக இருந்தது. ஏற்றுமதி வருமானம் கிட்டத்தட்ட முழுதும் எண்ணெயும் எரிவாயுவும். 1986ல் உலகச் சந்தையில் எண்ணெய் விலை சரிந்ததும் அரசின் கஜானா காலியானது. கடைகளில் பொருள் இல்லை, இளைஞர்களுக்கு வேலை இல்லை. 1988 அக்டோபர் 5 அன்று தலைநகர் அல்ஜியர்ஸின் தெருக்களில் கலவரம் வெடித்தது. ராணுவம் சுட்டது. அரசுக் கணக்கில் இறந்தவர்கள் 159 பேர். மற்றவர்கள் சொல்லும் கணக்கு 500ஐத் தொடுகிறது.

அல்ஜீரிய ராப்பின் பிறப்புச் சான்றிதழில் தேதி போட வேண்டுமென்றால் அந்த அக்டோபரைத்தான் போட வேண்டும். இன்திக், எம்பிஎஸ் என்ற இரண்டு முன்னோடிக் குழுக்களும் அந்த ஆண்டையொட்டி அல்ஜியர்ஸில் உருவானவை. எம்பிஎஸ் என்பது 'மைக் மௌனத்தை உடைக்கிறது' என்று பொருள்படும் பிரெஞ்சுப் பெயரின் சுருக்கம். அதன் பையன்கள் உசேன் தே என்ற உழைக்கும் மக்கள் வட்டாரத்தைச் சேர்ந்தவர்கள். அவர்களில் ஒருவரான ரபா, ஸ்பானிய நாவல் நாயகன் 'டான் கிஷோட்'டின் பெயரைச் சற்றே வளைத்து, சுடுவது என்ற ஆங்கிலச் சொல்லையும் அதில் நுழைத்துத் தனக்குப் பெயர் வைத்துக்கொண்டார். காற்றாலையோடு சண்டை போட்ட வீரனின் பெயரை எடுத்துக்கொண்ட அந்தக் குறும்பில் ஒரு தலைமுறையின் மனநிலை தெரிகிறது.

அவர்கள் பாடிய வாழ்க்கையைப் புரிந்துகொள்ள மூன்று தெருச் சொற்கள் போதும். 'ஹித்திஸ்த்' என்றால் சுவரில் சாய்ந்து நிற்பவன்: வேலையும் இல்லை, போக இடமும் இல்லை, நாள் முழுக்கச் சுவரைத் தாங்கிக்கொண்டு நிற்கும் இளைஞன். அரபியில் ஹித் என்றால் சுவர், அதன் வாலில் பிரெஞ்சு விகுதி. 'ஹொக்ரா' என்றால் மேலே இருப்பவன் கீழே இருப்பவனை மிதிக்கும் அலட்சியம். போலீஸ்காரர் காரணமில்லாமல் அறைவதும் ஹொக்ரா, அரசு அலுவலகத்தில் ஒரு காகிதத்துக்காக ஆறு மாதம் அலைய விடுவதும் ஹொக்ரா. 'ஹர்ராகா' என்றால் எரிப்பவர்கள், அதாவது படகேறி ஸ்பெயினுக்கோ இத்தாலிக்கோ அனுமதி இல்லாமல் கடல் கடப்பவர்கள். முப்பது ஆண்டு அல்ஜீரிய ராப் பாடல்களில் இந்த மூன்றில் ஒன்றையாவது தொடாதவை குறைவு.

அப்புறம் வந்ததுதான் 'கறுப்புப் பத்தாண்டு'. அக்டோபருக்குப் பிறகு அரசு இறங்கிவந்து 1989ல் பல கட்சி முறையை அனுமதித்தது. 1991 டிசம்பரில் நடந்த தேர்தலின் முதல் சுற்றில் இஸ்லாமிய மீட்பு முன்னணி என்ற கட்சி முந்தியது. 1992 ஜனவரியில் ராணுவம் தேர்தலை ரத்து செய்தது. ஆயுதக் குழுக்கள் கிளம்பின. அடுத்த பத்தாண்டில் இறந்தவர்கள் எத்தனை பேர் என்பதற்கு ஒரு லட்சம் முதல் இரண்டு லட்சம் வரை பல கணக்குகள் உண்டு. பத்திரிகையாளர்கள், ஆசிரியர்கள், பாடகர்கள் குறிவைக்கப்பட்டார்கள். காதல் பாட்டுகளால் நாடெங்கும் கொண்டாடப்பட்ட ராய் பாடகர் ஷெப் ஹஸ்னி 1994 செப்டம்பரில் சொந்த ஊரான ஓரானில் சுட்டுக் கொல்லப்பட்டார். சில மாதத்தில் ராய் இசைத் தயாரிப்பாளர் ரஷீத் பாபா அஹ்மதும் கொல்லப்பட்டார்.

ராய் என்பது ஓரான் நகரில் வளர்ந்த வெகுஜன இசை. 1992ல் காலித் பாடிய 'தீதீ' இந்தியா வரை ஒலித்ததே, அந்த இசைதான். காதல், குடி, இரவு, ஏக்கம் என்று பாடும். ராய்க்குச் சிந்தசைஸரும் கல்யாண வீடும் இருந்தன, ராப்புக்கு அறையும் கேசட்டும்தான். அல்ஜியர்ஸில் 1992 டிசம்பர் முதல் 1996 தொடக்கம் வரை இரவு ஊரடங்கு. அந்த ஆண்டுகளில் வளர்ந்த பையன்கள் எழுதிய பாட்டுகளில் 'நீ' யார் என்று கேட்டால் பதில் சுலபமாக வராது. ஒரு பக்கம் ராணுவ அரசு, மறுபக்கம் துப்பாக்கி ஏந்திய குழுக்கள். இரண்டையும் ஒரே வரியில் திட்டிவிட்டு, பெயர் சொல்லாமல் நழுவுவார்கள். எம்பிஎஸ்ஸின் முதல் ஆல்பம் 1997ல் வந்தது. பெயர் 'உலேத் எல் பஹ்ஜா'. பஹ்ஜா என்பது அல்ஜியர்ஸுக்கு மக்கள் வைத்த செல்லப்பெயர், ஒளிவீசும் நகரம் என்கிற மாதிரி. அந்த நகரத்தின் பிள்ளைகள் என்று தலைப்பு. படுகொலைச் செய்திகள் நாள்தோறும் வந்த ஆண்டில் அப்படியொரு பெயர் வைக்க நெஞ்சுரம் வேண்டும். இந்தப் பெயரை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், வேறோர் இடத்தில் மறுபடி வரப்போகிறது.

கிழக்கே அன்னாபா நகரத்திலிருந்து கிளம்பியவர் லுத்ஃபி. நிலவியல் படித்தவர். 'டபுள் கனோன்' என்பது அவர் இன்னொருவரோடு சேர்ந்து நடத்திய இரட்டையர் குழுவின் பெயர். கூட்டு முடிந்த பிறகும் அந்தப் பெயர் அவரோடு ஒட்டிக்கொண்டது. இவர் முழுக்க முழுக்கத் தெரு அரபியில் பாடியதால் பிரெஞ்சு தெரியாத சிற்றூர்ப் பையன்களுக்கும் ராப் போய்ச் சேர்ந்தது. அல்ஜீரியாவுக்குள்ளேயே இவ்வளவு பரவலாகக் கேட்கப்பட்ட ராப்பர் அந்தக் காலத்தில் வேறு யாருமில்லை என்பேன். ஊழல், விசா வரிசை, போதை, வேலையின்மை எல்லாவற்றுக்கும் ஒரு பாட்டு வைத்திருந்தார். கொஞ்சம் உபதேச வாடை அடிக்கும். அதையும் ரசித்துக் கேட்ட அப்பாக்கள் உண்டு. ராப்புக்கு அது பெரிய சாதனை.

மொழி விஷயத்தை இங்கே கொஞ்சம் நின்று பார்க்கலாம். அல்ஜீரியர் வீட்டில் பேசும் அரபிக்குத் தாரிஜா என்று பெயர். பள்ளிப் பாடநூலிலும் அரசுச் செய்தியிலும் இருக்கும் செவ்வியல் அரபியிலிருந்து அது வெகுதூரம் விலகியது. அதில் பிரெஞ்சு உண்டு, ஸ்பானியம் உண்டு, துருக்கி உண்டு, பெர்பர் மொழிகள் உண்டு. விடுதலைக்குப் பிறகு அரசு 'அரபுமயமாக்கல்' கொள்கையைக் கொண்டுவந்தபோது முன்னுக்கு வந்தது செவ்வியல் அரபி. தாரிஜா தெருவிலேயே நின்றது. கபைல் போன்ற பெர்பர் மொழிகளைப் பேசுவோர் தங்கள் மொழிக்காகப் பல பத்தாண்டுகள் போராடினார்கள். தமாஸீக்த் என்று பொதுவாகச் சொல்லப்படும் அம்மொழி 2002ல் தேசிய மொழியானது, 2016ல்தான் ஆட்சிமொழியானது. தொலைக்காட்சியோ 2010களின் தொடக்கம் வரை அரசின் ஏகபோகம். அந்தத் திரையில் அல்ஜீரியர் யாரும் வீட்டில் பேசுவதுபோலப் பேசிப் பார்ப்பது அபூர்வம். ராப்பர்கள் பேசினார்கள். கலப்பு மொழியில் எதுகை போடுவதில் ஒரு தொழில்நுட்ப லாபமும் உண்டு: அரபியில் அகப்படாத ஓசை பிரெஞ்சில் கிடைக்கும், பிரெஞ்சில் இல்லாத தொண்டை ஒலி அரபியில் கிடைக்கும். பிரெஞ்சு வினைச்சொல்லை எடுத்து அரபு இலக்கணத்தில் வளைத்துவிடுவது தாரிஜா பேசுபவர்களுக்குச் சர்வசாதாரணம்.

சரி, கடலைத் தாண்டுவோம். பிரான்ஸில் அல்ஜீரிய வம்சாவளியினர் லட்சக்கணக்கில் வாழ்கிறார்கள். பாரிஸ், லியோன், மார்செய் நகரங்களின் புறநகர் அடுக்குமாடிக் குடியிருப்புகளில் வளர்ந்த அவர்களின் பிள்ளைகள் பிரெஞ்சு ராப்பின் தூண்கள். மார்செய்யின் புகழ்பெற்ற ஐயாம் குழுவில் இருந்த ஃப்ரீமேன் அல்ஜீரியப் பெற்றோரின் மகன். இந்த வழியில் மைல்கல் என்றால் 1999ல் '113' என்ற குழு வெளியிட்ட 'தோந்தோன் து பிளெத்'. பாரிஸுக்குத் தெற்கே வித்ரி என்ற ஊரின் ஒரு கட்டட எண்தான் குழுவின் பெயர். மூவரில் ஒருவரான ரிம்கா அல்ஜீரியக் குடும்பத்தவர். மற்ற இருவரின் வேர்கள் மாலியிலும் குவாதலூப்பிலும். 'பிளெத்' என்றால் சொந்த ஊர், மூதாதையர் பூமி. கோடை விடுமுறையில் பழைய பெஜோ 504 காரில் மூட்டை முடிச்சுகளை ஏற்றிக்கொண்டு குடும்பம் ஊருக்குப் போகும் கதை. ஓரானின் மூத்த பாடகர் அஹ்மத் வஹ்பியின் பாட்டுத் துண்டு ஒன்று அடியில் ஓடும். பிரான்ஸில் அரபுத் தந்தையர் என்றால் கூலித் தொழிலாளி, வாய்பேசாதவர் என்ற பிம்பம் இருந்த காலம் அது. அவர்களைச் சிரிப்பும் பாசமுமாகக் காட்டிய இந்தப் பாட்டு அல்ஜீரியர் அல்லாத வீடுகளிலும் ஓடியது. இங்கே 'நீ' என்பது ஊரில் காத்திருக்கும் உறவு.

அதே குழு 2005ல் ராய் பாடகர் ரெதா தலியானியோடு சேர்ந்து பாடிய 'பர்தீர் லுவான்' எதிர்த்திசையில் பயணிக்கும் பாட்டு. தூரமாய்ப் போய்விட வேண்டும் என்பதே தலைப்பு. பல்லவியில் கப்பலைக் காதலியாக்கி, என்னை ஏற்றிப் போ என்று கெஞ்சுவார் தலியானி. நடனமாடத் தோன்றும் தாளம், கேட்டால் குதூகலமாக இருக்கும். ஹர்ராகா இளைஞர்கள் அதைத் தங்கள் கீதமாக எடுத்துக்கொண்டார்கள். அனுமதியில்லாமல் நாட்டைவிட்டுக் கிளம்புவதைக் குற்றமாக்கி, ஆறு மாதம் வரை சிறை என்று அல்ஜீரிய அரசு 2009ல் சட்டமே போட்டது. பிரான்ஸ் பையன் ஊருக்குப் போவதைப் பாட, ஊர்ப் பையன் பிரான்ஸுக்குப் போவதைப் பாட, ஒரே குழுவின் இரண்டு பாட்டுகள். அடுத்தடுத்துக் கேட்டால் அந்தக் கடலின் இரு கரைகளும் ஒன்றை ஒன்று எப்படிப் பார்க்கின்றன என்பது பிடிபட்டுவிடும்.

பிரெஞ்சு அரசையே 'நீ' என்று விளிப்பவர்களும் உண்டு. துறைமுக நகரமான லெ ஹாவ்ரில் பிறந்த, அல்ஜீரிய வேர் கொண்ட மெதீன், 1961 அக்டோபர் 17 பற்றி ஒரு பாட்டு எழுதினார். அன்று பாரிஸில் தங்கள்மேல் போடப்பட்ட ஊரடங்கை எதிர்த்து ஊர்வலம் போன அல்ஜீரியர்களைப் போலீஸ் தாக்கியது. பலர் கொல்லப்பட்டார்கள், உடல்கள் செய்ன் நதியில் மிதந்தன. பல ஆண்டுகள் மூடி மறைக்கப்பட்ட அந்த இரவைப் பல இளைஞர்கள் ராப் வழியாகத்தான் கேள்விப்பட்டார்கள்.

அல்ஜீரியாவுக்கே திரும்புவோம். 1990களின் இறுதியில் இன்திக்கும் எம்பிஎஸ்ஸும் பிரான்ஸின் பெரிய இசை நிறுவனங்களோடு ஒப்பந்தம் போட்டார்கள். ஒலிப்பதிவு தெளிவானது, ஊர் கொஞ்சம் மங்கியது. என் காதுக்கு அவர்களின் பழைய கரடுமுரடான பதிவுகளே பிடிக்கும். உள்நாட்டுப் போர் அடங்கி, 1999ல் அப்தெலஸீஸ் பூதஃப்லிகா அதிபரானார். நெருக்கடி நிலை 2011 வரை நீடித்தது. கபைல் மொழி பேசும் கபீலியா வட்டார மக்கள் 2001 ஜூனில் தலைநகரில் நடத்திய பெரும் ஊர்வலத்துக்குப் பிறகு, அல்ஜியர்ஸில் ஊர்வலங்களே தடை செய்யப்பட்டன. ஆயிரக்கணக்கானோர் ஒன்றுகூடிச் சத்தம்போடத் தடையில்லாத இடம் ஒன்றே ஒன்று மிச்சமிருந்தது: கால்பந்து மைதானம்.

எனவே இந்தக் கதையில் மைதானத்தைத் தனியாகக் கவனிக்க வேண்டும். யூஎஸ்எம் அல்ஜேர் அணியின் ரசிகர்கள் தங்களுக்குள் ஒரு பாட்டுக்குழு வைத்திருக்கிறார்கள். அதன் பெயரும் 'உலேத் எல் பஹ்ஜா'. மெட்டு, தாளம் எல்லாம் அல்ஜியர்ஸின் பழைய ஷாபி இசையையும் ராயையும் தொட்டு வரும். வரிகளில் ராப்பர்கள் பேசிய அதே சங்கதிகள். 2018ல் அவர்கள் வெளியிட்ட 'லா காசா தெல் முராதியா' பாட்டில், பூதஃப்லிகாவின் ஆட்சிக்காலங்களை ஒன்று, இரண்டு, மூன்று, நான்கு என்று எண்ணி எண்ணிக் கணக்குத் தீர்ப்பார்கள். முராதியா என்பது அதிபர் மாளிகை இருக்கும் இடம். தலைப்பு அப்போது பிரபலமாக இருந்த ஸ்பானியக் கொள்ளைத் தொடர் ஒன்றின் பெயரை நக்கலாக வளைத்தது. மாளிகையில் இருப்பவர்கள் யார் என்று அதற்குமேல் சொல்ல வேண்டியதில்லை.

பக்கவாதத்தால் 2013 முதல் பொதுவெளியில் அரிதாகவே தோன்றிய பூதஃப்லிகா ஐந்தாவது முறையும் போட்டியிடுவார் என்று 2019 பிப்ரவரியில் அறிவிப்பு வந்தது. பிப்ரவரி 22, வெள்ளிக்கிழமை, மக்கள் தெருவில் இறங்கினார்கள். ஹிராக் என்று பெயர் பெற்ற அந்த இயக்கம் வாராவாரம் வெள்ளிக்கிழமைகளில் லட்சக்கணக்கானோரைத் திரட்டியது. மைதானத்தில் பாடிய 'முராதியா' பாட்டை இப்போது பாட்டிகளும் வழக்கறிஞர்களும் தெருவில் பாடினார்கள். பூதஃப்லிகா ஏப்ரல் 2 அன்று பதவி விலகினார்.

அந்த வாரங்களில் வந்த இரண்டு பாட்டுகள் முக்கியமானவை. ஒன்று ராஜா மெஸியான் பாடிய 'ஆலோ லெ சிஸ்தெம்'. சட்டம் படித்தவர், செக் குடியரசின் தலைநகர் பிராகில் வாழ்பவர். ஆட்சியாளர்களுக்கே தொலைபேசியில் அழைத்துப் பேசும் பாவனையில் ராப் செய்தார். முப்பது ஆண்டாக 'நீ'யைப் பெயர் சொல்லாமல் சுற்றிவளைத்த மரபில், 'ஹலோ, அங்கே யார்?' என்று நேராகக் கேட்ட குரல். ஆண்களே நிறைந்த இந்த உலகில் அது பெண் குரலாக இருந்ததையும் சேர்த்துக் கணக்கில் எடுக்க வேண்டும்.

இன்னொன்று சூல்கிங் பாடிய 'லிபெர்தே'. சூல்கிங் 1989ல் பிறந்தவர். அல்ஜியர்ஸில் பிரேக் டான்ஸராகத் தொடங்கி, உரிய காகிதங்கள் இல்லாமல் பிரான்ஸில் காலம் தள்ளி, 2018ல் ஒரு பிரெஞ்சு வானொலி நிகழ்ச்சியில் பாடிய 'கெரில்லா' மூலம் ஒரே இரவில் நட்சத்திரமானவர். இவரது குரலில் ராப்பும் உண்டு, ராயின் இழுவையும் உண்டு. குரலின் சுருதியைக் கணினியால் மாற்றும் ஆட்டோட்யூனை வெறுக்கும் பழைய ராப் ரசிகர்களுக்கு ஒன்று சொல்ல வேண்டும்: 2000களின் தொடக்கத்திலேயே ராய் பாடகர்கள் அந்தக் கருவியைத் தங்கள் சொத்தாக்கிக்கொண்டார்கள். ஆகவே அல்ஜீரியக் காதுக்கு அது உள்ளூர் ஒலிதான். 'லிபெர்தே' ரசிகர் குழுவான உலேத் எல் பஹ்ஜாவின் மைதானப் பாட்டைத் தழுவி, அவர்களையே சேர்த்துக்கொண்டு 2019 மார்ச்சில் வந்தது. சுதந்திரம்தான் தலைப்பு. அது கோடிக்கணக்கான முறை பார்க்கப்பட்டது. அதே ஆண்டு ஆகஸ்ட் 22 அன்று அல்ஜியர்ஸில் அவரது கச்சேரிக்கு மைதானம் நிரம்பி வழிந்தது. வாசலில் ஏற்பட்ட நெரிசலில் ஐந்து இளைஞர்கள் இறந்தார்கள். இரண்டு நாளில் கலாசார அமைச்சர் பதவி விலகினார்.

2013 டிசம்பரில்தான் அல்ஜீரியாவுக்கு 3ஜி வந்தது. அதற்குப் பிறகு கேசட் கடையும் வேண்டாம், தொலைக்காட்சியின் தயவும் வேண்டாம் என்றாகி, யூடியூப்பில் புதிய தலைமுறை குவிந்தது. திதின் கனோன் 16 போன்றவர்கள் அந்த அலையைச் சேர்ந்தவர்கள். பெயரில் இருக்கும் 16 அல்ஜியர்ஸ் மாகாணத்தின் எண். டிராப் என்ற புதிய ராப் வகையில் இவர்கள் பாடும் பாட்டுகளில் 'நீ' பெரும்பாலும் அம்மா, காதலி, துரோகம் செய்த நண்பன். அரசியல் குறைந்துவிட்டது என்று மூத்தவர்கள் அலுத்துக்கொள்கிறார்கள். நான் அவ்வளவு சீக்கிரம் தீர்ப்புச் சொல்ல மாட்டேன். பெருந்தொற்றால் 2020 மார்ச்சில் ஹிராக் ஊர்வலங்கள் நின்றன, ஏப்ரலில் 'பொய்ச் செய்தி' பரப்புவோரைச் சிறையில் தள்ளும் சட்டம் வந்தது, செயற்பாட்டாளர்கள் பலர் உள்ளே போனார்கள். எதைப் பாடவில்லை என்பதற்கும் காரணம் இருக்கத்தான் செய்யும். சிறை, போதை மாத்திரை, அம்மாவின் கண்ணீர் என்று வரும் வரிகளில் பழைய சுவர் இன்னும் தெரிகிறது.

எங்கிருந்து கேட்கத் தொடங்கலாம் என்றால், காலவரிசையை மறந்துவிடுங்கள். முதலில் 'முராதியா' பாட்டின் மைதானப் பதிவைக் கேளுங்கள், ஸ்டூடியோப் பதிவை அல்ல. அடுத்து 'லிபெர்தே'. பிறகு 'தோந்தோன் து பிளெத்', கையோடு 'பர்தீர் லுவான்'. காது பழகியபின் எம்பிஎஸ்ஸின் 1997 ஆல்பத்துக்கு வாருங்கள். ஒலித்தரம் சுமார்தான், ஹெட்போனில் கேட்பதே நல்லது.